பாலைவனத்தில் குதிரைப் பாசறை

பாலைவனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒட்டகம். குதிரையை அங்கே வைத்துப் பார்க்க நம் மனம் எளிதில் இணங்குவதில்லை. குதிரை புல்வெளியில் வளர்ந்த விலங்கு. அதற்கு நாள்தோறும் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான குதிரைகள் மாதக்கணக்கில் பாலைவனத்தில் பாசறையிட்டுத் தங்கியிருந்தன என்றால் வியப்பாக இல்லையா? முதல் உலகப் போரின்போது, 1916 முதல் 1918 வரை, சினாய்ப் பாலைவனத்திலும் பாலஸ்தீனத்திலும் இது நடந்தது. இன்றும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனப் பகுதியில், குழுவாகக் குதிரையேறிச் சென்று இரவில் கூடாரமடித்துத் தங்கும் பயணங்கள் நடைபெறுகின்றன.

இத்தகைய பாசறையின் அளவை எது முடிவு செய்கிறது? கூடாரங்களின் எண்ணிக்கையா, கையிலுள்ள பணமா? இரண்டும் அல்ல. அருகிலுள்ள கிணற்றில் மணிக்கு எத்தனை லிட்டர் நீர் ஊறுகிறது என்பதே முடிவு செய்கிறது. இது எப்படி என்பதை அறிய, குதிரையின் உடல் இயங்கும் விதத்தை நாம் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன், இந்தக் குதிரைகளுக்கும் நமது வடசென்னைக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம்.

சென்னைத் துறையில் இறங்கிய குதிரைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைகளுக்குக் குதிரைகள் பெருமளவில் தேவைப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து வந்ததால் இவற்றுக்கு ‘வேலர்’ என்று பெயர். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளில் இவை இறக்கப்பட்டன.

ராயபுரத்துக்குத் தெற்கே இன்று துறைமுகச் சுவர்கள் நிற்கும் இடத்தில் அன்று அலைகளைத் தடுக்க எதுவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்குகளும் கரை சேர வேண்டும். குதிரைகளும் இந்த அலைகளைத் தாண்டியே வந்தன. ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னையில் இறக்கப்படும் காட்சியை, மசூலாப் படகும் கட்டுமரங்களும் சூழக் காட்டும் 1834-ஆம் ஆண்டு ஓவியமொன்று ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தில் உள்ளது. 1875-இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட பின்னரே கப்பல்கள் சென்னையில் அமைதியான நீரில் நிற்க முடிந்தது.

இதே வேலர் குதிரைகள்தான் பிற்பாடு சினாய்க்கும் சென்றன. முதல் உலகப் போருக்காக ஆஸ்திரேலியா 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இந்தியக் குதிரைப்படைகளும் இருந்தன. மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் ஈட்டிப் படைகளும் அவற்றில் அடங்கும். 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைஃபா நகரைக் கைப்பற்றியவர்கள் மைசூர், ஜோத்பூர் வீரர்களே. புதுதில்லியில் உள்ள ‘தீன் மூர்த்தி’ நினைவுச் சின்னத்தின் மூன்று சிலைகள் இம்மூன்று சமஸ்தானப் படைகளையும் குறிப்பவை.

உடல் ஓர் எஞ்சின்

இனி அறிவியலுக்கு வருவோம். ஓடும் குதிரையின் தசைகள் ஓர் எஞ்சினைப் போன்றவை. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் ஓட்டமாகிறது. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது. மோட்டார் வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் இருப்பதுபோல், உடலையும் குளிர்விக்க ஒரு வழி வேண்டும்.

வெப்பத்தில் பெரும்பகுதி தோலின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இங்கே குதிரைக்கு ஒரு தொல்லை. 70 கிலோ எடையுள்ள மனிதனின் தோல் பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். எடை ஏழு மடங்கு. தோலோ மூன்று மடங்குக்கும் குறைவு. அதாவது, ஒரு கிலோ எடைக்கு நமக்குள்ள தோலில் பாதிகூடக் குதிரைக்கு இல்லை. பெரிய அண்டாவில் உள்ள வெந்நீர் சிறு டம்ளரில் உள்ளதைவிட மெதுவாக ஆறுவதற்கும் இதுவே காரணம்.

இக்குறையை ஈடுசெய்யக் குதிரை தாராளமாக வியர்க்கிறது. கடுமையாக உழைக்கும்போது மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்வை வெளியேறுவதுண்டு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இந்த வெப்பத்தைக் கொண்டு ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட குழாய் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து விடலாம்! குதிரையின் வியர்வையில் ‘லேதரின்’ என்னும் புரதம் உண்டு. சோப்பைப் போல இது வியர்வையை நுரைக்கச் செய்து, அடர்ந்த மயிர் முழுவதும் பரப்பி, விரைவில் ஆவியாக உதவுகிறது. ஓடி வந்த குதிரையின் கழுத்தில் வெள்ளை நுரை தோன்றுவது இதனால்தான்.

இருவகை வெப்பம்

வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும் என்பது இங்கே முக்கியம். சித்திரை மாதப் பகலில் திருவொற்றியூர்த் தெருவில் நடப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சட்டை நனைகிறது, புழுக்கம் தீர்வதில்லை. பாலைவனத்தில் வெப்பம் இன்னும் அதிகம். ஆனால் காற்று வறண்டது. அங்கே வியர்வை தோன்றிய உடனே ஆவியாகிவிடுகிறது. உடல் நன்கு குளிர்கிறது.

ஆனால் இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பாலைவனத்தில் குதிரையின் உடல் நனைந்து காணப்படுவதில்லை. “குதிரை அவ்வளவாக வியர்க்கவில்லை” என்று சவாரி செய்பவர் எண்ணிவிடலாம். உண்மையில், காய்ந்த மயிரின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புதான் எவ்வளவு நீர் போயிற்று என்பதற்குச் சாட்சி.

தாகம் தெரியாத விலங்கு

அந்த உப்பு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. மனிதனின் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. எனவே, வியர்க்கும்போது உப்பைவிட நீரே நமக்கு அதிகமாகக் குறைகிறது. அடுப்பில் வற்றும் குழம்பு உப்புக் கரிப்பதைப் போல, நம் இரத்தத்தில் உப்புச் செறிவு கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் இதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. நாம் தண்ணீரைத் தேடுகிறோம்.

குதிரையின் வியர்வையோ ஏறக்குறைய இரத்தத்தின் அளவுக்கே உப்புடையது. சில வேளை அதைவிடவும் மிகுதி. சோடியம், குளோரைடு, பொட்டாசியம் ஆகிய மூன்றும் அதில் செறிந்துள்ளன. பத்து லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ 100 கிராம் உப்புப் பொருள்கள் வெளியேறிவிடுகின்றன. குழம்பைக் கரண்டியால் முகந்து கொட்டினால் அளவு குறையும். ஆனால் உப்புச் சுவை மாறாது அல்லவா? அதுபோல, குதிரையின் உடலில் நீர் குறைகிறது. இரத்தத்தின் உப்புச் செறிவு அதிகம் மாறுவதில்லை. எனவே தாக உணர்ச்சி வலுவாக எழுவதில்லை. உடல் வறண்டுபோன குதிரை, முன்னே வைத்த தண்ணீரைத் திரும்பிப் பாராமல் நிற்பதுண்டு. “குடிக்கவில்லை, ஆகவே தேவையில்லை” என்று முடிவு செய்வது அதன் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இதற்குப் பரிகாரமும் இதே விதியில் இருக்கிறது. களைத்த குதிரைக்கு முதலில் சற்றே உப்புக் கரைத்த நீரைக் கொடுத்து, அதன் பிறகு நல்ல நீர் கொடுத்தால், அது கூடுதலாகக் குடித்து விரைவில் தேறுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கொள்ளோடும் தவிட்டோடும் உப்புச் சேர்ப்பதும் பயன் தரும். நீர்க்குறைவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. கழுத்துத் தோலை இரு விரல்களால் கிள்ளி விட்டால், நலமான குதிரையில் அது உடனே சமனாகிவிடும். நீர் குறைந்த குதிரையில் மடிப்பு சற்று நேரம் நிற்கும்.

ஒட்டகத்தின் வழி வேறு

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அதில் இருப்பது கொழுப்பு. ஒட்டகத்தின் திறமை சிக்கனத்தில் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காதபோது அது தன் உடல் வெப்பத்தை இரவில் 34 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கவும் பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறவும் விடுகிறது. அதனால் பகலில் வியர்க்க வேண்டிய தேவை குறைகிறது. உடல் எடையில் கால் பங்கு அளவு நீர் குறைந்தாலும் அது தாங்கும். பிறகு ஒரே மூச்சில் நூறு லிட்டர்வரை குடித்து ஈடுசெய்துவிடும். குதிரையோ பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பெருந்துன்பத்துக்கு உள்ளாகிறது. ஆனால் அதன் பெருங்குடல் ஒரு சிறு சேமிப்புத் தொட்டி. நார் மிகுந்த புல்லும் வைக்கோலும் அங்கே நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. நெடும்பயணத்துக்கு முன் தானியத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டிக் கொடுப்பது இதனால்தான்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். பத்துப் பேர், பத்துக் குதிரைகள். வெயிலில் மிதமான பயணம். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குதிரைகளுக்கு 500 லிட்டர். மனிதருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்குப் பத்து லிட்டர் வீதம் 100 லிட்டர். மொத்தம் 600 லிட்டர். அதன் எடை 600 கிலோ.

இந்த நீரைப் பொதிகுதிரையில் ஏற்றிச் செல்லலாமே என்று தோன்றும். ஒரு குதிரை சேணம் உட்படத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம். சேணமும் கலங்களும் போக, 70 லிட்டர் தண்ணீர் ஏற்றலாம். ஆனால் அந்தக் குதிரையும் குடிக்க வேண்டுமே! முதல் நாள் மாலையில் அது தானே 50 லிட்டரைக் குடித்துவிடும். மிச்சம் 20 லிட்டர். மறுநாள் அது தனக்கே போதாது. எத்தனை பொதிகுதிரைகளைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது. கிணற்றிலிருந்து ஒரு நாள் தொலைவுக்கு மேல், குதிரையைக் கொண்டு குதிரைக்கு நீர் சுமக்க முடியாது. எனவே குதிரைப் பயணம் என்பது கிணற்றிலிருந்து கிணற்றுக்குச் செல்லும் பயணமே. இல்லையேல், ஒட்டகமோ மோட்டார் வண்டியோ நீரைக் கொண்டுவர வேண்டும். சினாயில் ஒட்டகப் படையினர் தகரக் கலங்களில் நீர் சுமந்து சென்றது இதனால்தான். இன்றைய தார்ப் பயணங்களில் ஜீப்பும் தண்ணீர் டாங்கும் பின்தொடர்வதும் இதற்காகவே.

குழு பெரிதானால் இன்னொரு தடையும் தோன்றுகிறது. 500 குதிரைகள் கொண்ட படைப்பிரிவுக்குக் குதிரைக்கு 40 லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 20,000 லிட்டர் வேண்டும். கிணற்றில் மணிக்கு 1,000 லிட்டர் ஊறினால், இருபது மணி நேரம் இடைவிடாமல் இறைக்க வேண்டும். எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும், ஊறும் வேகத்துக்கு மேல் ஒரு சொட்டும் கிடைக்காது. கடைசிக் குதிரை குடித்து முடிக்கும் வேளையில் முதல் குதிரைக்கு மீண்டும் நீர் காட்ட வேண்டியிருக்கும்.

மணலுக்கு அடியில் நீர்

சினாயின் வடகரை மணற்குன்றுகளில் சில அடி ஆழத்திலேயே நீர் கிடைத்தது. முனை கூராக்கிப் பக்கங்களில் துளையிட்ட குழாயை மணலில் அறைந்து இறக்கி, மேலே கைப்பம்பைப் பொருத்தி, கித்தான் தொட்டிகளில் நீரை நிரப்பினார்கள். நம் காவிரிப் படுகை உழவர்கள் ‘பில்டர் பாயின்ட்’ என்று சொல்வதன் உறவினர்தான் இது. ஆனால் கிடைத்த நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருந்தது.

கடலோர மணலில் நன்னீர் இருப்பது எப்படி? எண்ணூர்க் கரையில் வாழ்வோர் அறிந்த செய்திதான் இது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனமானது. எனவே கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதைத் தாங்க மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேறிவிடும். வடசென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் ஆலைகளுக்கும் நகருக்கும் பாசனத்துக்குமாக நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை தொடங்கப்பட்டது. பாசறைக்கும் பட்டணத்துக்கும் விதி ஒன்றே.

சினாயில் ஆங்கிலேயர் கண்ட தீர்வும் பெரிய அளவிலானது. நைல் நதியிலிருந்து வரும் கால்வாய் நீரைக் கன்டாரா என்னும் இடத்தில் வடிகட்டி, 12 அங்குலக் குழாயின் வழியே பாலைவனத்தைக் கடந்து செலுத்தினார்கள். கூடவே இருப்புப்பாதையும் நீண்டது. குழாய் எவ்வளவு தொலைவு வந்ததோ, அதையொட்டியே படையும் முன்னேற முடிந்தது.

பாசறையின் ஒழுங்கு

நீர் கிடைத்த பின்னும் கவனிக்க வேண்டியவை பல. முளைகளுக்கிடையே நீண்ட கயிறு கட்டி, அதில் குதிரைகளை வரிசையாகப் பிணைப்பார்கள். தீவனத்தைத் தரையில் கொட்டினால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். அது குடலில் படிந்து உண்டாக்கும் சூலை நோய் குதிரையைக் கொல்லக்கூடியது. ஆகவே தலையில் மாட்டும் கொள்ளுப்பையிலேயே தீனி வைக்க வேண்டும்.

பலர் குதிரைகள் ஒரே தொட்டியில் குடிப்பதும் ஆபத்து. ‘கிளாண்டர்ஸ்’ என்னும் கொடிய தொற்றுநோய், நோயுற்ற குதிரையின் மூக்குச் சளி கலந்த நீராலும் தீனியாலும் பரவுகிறது, மனிதரையும் தாக்குகிறது. வெளியிலிருந்து வந்த குதிரைக்குத் தனி வாளி வைப்பது அதனால்தான்.

இரவில் குளிர் வாட்டும். ஈரமற்ற மணல் வெப்பத்தை ஆழத்தில் சேமித்து வைப்பதில்லை. மேலே மேகமும் நீராவியும் குறைவாக இருப்பதால் வெப்பம் தடையின்றி வானில் கதிர்வீசிச் செல்கிறது. பகலில் வியர்த்த குதிரைக்கு இரவில் கம்பளி தேவைப்படுகிறது. கடலும் ஈரக்காற்றும் போர்வையாக இருப்பதால், சென்னையில் நாம் இந்த வேறுபாட்டை அறிவதில்லை.

பீர்ஷெபாக் கிணறுகள்

இத்தனை கணக்குகளும் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி உண்டு. 1917 அக்டோபர் 31-ஆம் நாள், பாலைவனக் குதிரைப்படை பீர்ஷெபா என்னும் ஊரின் முன்னே நின்றது. இரவெல்லாம் நடந்து வந்த குதிரைகளில் பலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேலாக நீர் இல்லை. ஊருக்குள் கிணறுகள் இருந்தன. இருட்டுமுன் அவற்றைப் பிடிக்காவிட்டால், நீருக்காக நெடுந்தொலைவு பின்வாங்க வேண்டியதுதான். மாலையில் ஏறத்தாழ 800 ஆஸ்திரேலியக் குதிரை வீரர்கள் பாய்ந்து சென்று ஊரைப் பிடித்தனர். பெரும்பாலான கிணறுகள் அழிக்கப்படாமல் கிடைத்தன. ஆயினும், குவிந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும் அந்த நீர் போதவில்லை. வெற்றியால் கிணறு கைக்கு வரலாம். ஊறும் வேகம் கூடுவதில்லை.

போர் முடிந்ததும் அக்குதிரைகள் தாய்நாடு திரும்பவில்லை. கப்பல் செலவும் நோய்த்தடுப்பு விதிகளும் தடுத்தன. வயதானவை சுட்டுக் கொல்லப்பட்டன. பல குதிரைகள் இந்தியப் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் மாற்றப்பட்டன. 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளுள் ஆஸ்திரேலியா திரும்பியது ‘சாண்டி’ என்ற ஒரே குதிரை.

நம் கண்முன் உள்ள குதிரைகள்

பாலைவனத்துக்கு நம்மில் சிலரே செல்வோம். ஆனால் சென்னைக் கடற்கரையில் சவாரிக்காக நிற்கும் குதிரைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றின் காலடியிலும் மணல், தலைக்குமேல் வெயில், போதாக்குறைக்கு, வியர்வையை ஆவியாக விடாத ஈரக்காற்று. இதே வகைப் புழுக்கத்தில் நடந்த 1996-ஆம் ஆண்டு அட்லான்டா ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு, குதிரைகளைக் குளிர்விப்பது பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். வேர்த்த குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது என்ற பழைய அச்சம் ஆதாரமற்றது என்று தெரிந்தது. நிறையக் குளிர்நீரை உடல் முழுவதும் திரும்பத் திரும்ப ஊற்றுவதே சிறந்த வழி. நிழலும் காற்றோட்டமும் துணை செய்யும்.

குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன், அருகே வாளியும் தண்ணீரும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்போம். இல்லையெனில் குதிரைக்காரரிடம் அன்போடு எடுத்துச் சொல்வோம். தாகம் என்று சொல்லக் குதிரைக்கு வாயில்லை. அதன் உடலும் பல வேளைகளில் அதைச் சொல்வதில்லை. அறிந்தவர்கள்தாம் அதற்காகக் கணக்கிட வேண்டும்.